கார்த்திகை மீன்களைக் கட்டி வைத்திருப்பது எது?

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலைச் சரிவில் இருக்கிறது அமிர்தி. காட்டையும் அருவியையும் பார்க்கப் போகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடுவது வழக்கம். ஆனால் அந்த மலையின் இன்னொரு அழகு இருட்டிய பிறகுதான் தொடங்குகிறது. நகரத்தின் விளக்கு வெளிச்சம் எட்டாத வானம் அது. இதே மலைத் தொடரில் உள்ள காவலூரை வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். 1960களின் இறுதியில் சிறிய தொலைநோக்கி ஒன்றோடு அங்கே பணி தொடங்கியது. 1986ஆம் ஆண்டு ஜனவரியில் 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதைக் காண பாப்பு உயிரோடு இல்லை. அவர் 1982இல் இறந்துவிட்டார். அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கார்த்திகை மாதத்து இரவில் இந்த மலையடிவாரத்தில் நின்று மேலே பார்த்தால், நெருக்கமாகக் கோத்து வைத்தது போன்ற ஒரு சிறு விண்மீன் கூட்டம் தெரியும். நம் முன்னோர் அதைக் கார்த்திகை என்றும் அறுமீன் என்றும் அழைத்தார்கள். வெறும் கண்ணுக்கு ஆறோ ஏழோதான் தெரியும். உண்மையில் அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அவற்றின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகின்றன. யோபு நூலில் ஆண்டவர் யோபுவிடம் கேட்கும் கேள்விகளுள் இந்தக் கார்த்திகையைக் கட்டுவதைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அத்தனை பழைய காலத்திலேயே மனிதர் இதைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். இவை ஏன் பிரியாமல் இருக்கின்றன? இவற்றைச் சேர்த்து வைத்திருப்பது எது?

இந்தக் கேள்வியைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். விண்மீன்கள் கூட்டத்தை விட்டு எப்படி வெளியேறுகின்றன, எது அவற்றை வெளியேறவிடாமல் பின்னுக்கு இழுக்கிறது என்று 1943இல் எழுதிக் காட்டிய அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். நோபல் பரிசு பெற்றவர் என்று அவர் பெயரை நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். கூட்டத்தை விட்டுப் போவதும், கூட்டம் பின்னால் இழுப்பதும் அவருடைய வாழ்விலும் நடந்தன. அந்த வாழ்வைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

போகச் சொன்ன தாய்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. அந்த வேலையின் பொருட்டே தமிழ்க் குடும்பம் ஒன்று அத்தனை தொலைவில் இருந்தது. பத்துப் பிள்ளைகளில் இவர் மூன்றாமவர், ஆண் பிள்ளைகளில் மூத்தவர். ஒளி சிதறலைப் பற்றிய ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் இவருக்குச் சித்தப்பா.

தாயின் பெயர் சீதாலட்சுமி. இளம் வயதிலேயே மணமாகி, அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய். ஆயினும் படிப்பின் மேல் அவருக்கு இருந்த பசி அடங்கவில்லை. நார்வே நாட்டு எழுத்தாளர் இப்சனின் பொம்மை வீடு என்ற நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். வீட்டை விட்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதை அது. தாம் வெளியேற முடியாத வீட்டுக்குள் இருந்துகொண்டு அந்தக் கதையைத் தமிழாக்கிய அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள்.

குடும்பம் 1918இல் சென்னைக்கு வந்தது. பன்னிரண்டு வயது வரை சந்திரசேகருக்கு வீட்டில்தான் பாடம். பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, அதன் பின் மாநிலக் கல்லூரி. 1928இல் ஜெர்மானிய இயற்பியல் அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, கல்லூரி மாணவராக இருந்த சந்திரசேகர் அவரைச் சந்தித்தார். தாம் படித்திருந்த இயற்பியல் பழையதாகிவிட்டது என்பதை அந்தச் சந்திப்பில் தெரிந்துகொண்டார். மனம் தளராமல் புதிய இயற்பியலைத் தாமே கற்றார். அடுத்த ஆண்டே அவருடைய கட்டுரை இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது.

1930இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிக்க அரசு உதவித்தொகை கிடைத்தது. வீட்டில் மகிழ்ச்சி நிறைந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் தாய் படுக்கையில் இருந்தார். கடுமையான நோய். மூத்த மகன் இந்த நிலையில் கடல் கடந்து போவதா என்று உறவினர்கள் தயங்கினார்கள். மகனுக்கும் தயக்கம்தான். போய்த்தான் ஆக வேண்டும் என்று உறுதியாகச் சொன்னவர் படுக்கையில் கிடந்த தாயே. மகன் தனக்காக மட்டும் பிறந்தவன் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. அதன் பிறகு தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. 1931 மே மாதம் சீதாலட்சுமி இறந்தார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.

கப்பலில் போட்ட கணக்கு

அந்தக் கப்பல் பயணத்தில்தான், பத்தொன்பது வயது இளைஞரான சந்திரசேகர் தம்மைப் பிற்காலத்தில் புகழ் பெறச் செய்த கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்துபோன விண்மீன் தன் எடையாலேயே சுருங்கும். பூமி அளவுக்குச் சுருங்கிய நிலையில் அது அடங்கி நிற்கும். அதை வெண்குறுமீன் என்கிறோம். எல்லா விண்மீன்களின் முடிவும் இதுவே என்று அக்காலத்து அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். சந்திரசேகர் கணக்கிட்டுப் பார்த்தபோது அதற்கு ஓர் எல்லை இருப்பது தெரிந்தது. சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு வரைதான் வெண்குறுமீன் தாங்கும். அதற்கு மேல் நிறை இருந்தால் சுருக்கம் அங்கே நிற்காது. இன்று நாம் அறிந்திருக்கும் நியூட்ரான் விண்மீன்களுக்கும் கருந்துளைகளுக்கும் கதவைத் திறந்த கணக்கு அது.

1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் இதை அவர் எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அக்காலத்து வானியலில் அவரை விஞ்சிய பெயர் இல்லை. சந்திரசேகரின் வேலையை நெருக்கமாக அறிந்தவர், அவரோடு அடிக்கடி உரையாடியவர். அதே எடிங்டன் எழுந்து நின்று, இந்த முடிவு அபத்தமானது, இயற்கை இப்படி நடந்துகொள்ளாது என்று எள்ளி நகையாடினார். அவையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இருபத்து நான்கு வயது இளைஞர் தனியே நின்றார்.

சந்திரசேகர் பெரிய இயற்பியல் அறிஞர்கள் சிலரிடம் முறையிட்டார். அவருடைய கணக்கு சரிதான் என்று அவர்கள் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எடிங்டனை எதிர்த்து வெளிப்படையாகச் சொல்ல யாரும் முன்வரவில்லை. இந்த நிலையில் ஒரு மனிதன் இரண்டு விதமாகப் போகலாம். கசந்துபோய் வாழ்நாள் முழுவதும் சண்டையிடலாம். அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒதுங்கலாம். சந்திரசேகர் இரண்டையும் செய்யவில்லை. தாம் கண்டதையெல்லாம் ஒழுங்காகத் தொகுத்து 1939இல் ஒரு நூலாக வெளியிட்டார். பிறகு அந்தத் துறையை மூடி வைத்துவிட்டு, வேறொரு கேள்வியைக் கையில் எடுத்தார்.

இடையில் வாழ்க்கையும் மாறியிருந்தது. 1936 செப்டம்பரில் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் தம்மோடு இயற்பியல் பயின்ற லலிதாவை மணந்தார். 1937 ஜனவரியில் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். அங்கேயும் எல்லாக் கதவும் திறந்திருக்கவில்லை. கருநிறத்தவர் ஒருவர் பல்கலைக்கழக வளாகத்தில் பாடம் நடத்துவதற்கு உயர் பொறுப்பில் இருந்த ஒருவர் தடை சொன்னார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அந்தத் தடையை ஏற்காமல் சந்திரசேகரின் பக்கம் நின்றார்.

திருவிழாக் கூட்டத்தில் நடப்பவர் போல

யெர்க்ஸில் அவர் எடுத்துக்கொண்ட புதிய கேள்வி, விண்மீன்களின் நடமாட்டம். 1942இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1943இல் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வெளிவந்தன. அவர் கண்டதை எளிமையாகப் பார்ப்போம்.

இரண்டு பொருள்கள் மட்டும் ஒன்றையொன்று ஈர்த்தால் கணக்கு எளிது. பூமி சூரியனைச் சுற்றுவது போல், பாதை என்றென்றைக்கும் ஒழுங்காக இருக்கும். மூன்றாவது பொருள் ஒன்று சேர்ந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. தொடக்கத்தில் ஒரு மயிரிழை வேறுபாடு இருந்தாலும் போகப் போக அது பெருகி, பாதையே அடியோடு வேறாகிவிடும். பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்கரே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைக் கண்டுகொண்டார். இன்று கயாஸ் என்று அறிவியலார் சொல்வது இதைத்தான். மூன்று பொருளுக்கே இந்த நிலை என்றால், ஆயிரம் விண்மீன் உள்ள கூட்டத்தில் ஒவ்வொன்றின் பாதையையும் பின்தொடர்வது எப்படி?

வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்திலிருந்து ஒரு தோள் இடிக்கிறது, இடப்பக்கத்திலிருந்து இன்னொன்று. எந்த இடியும் பெரியதில்லை. ஆயினும் அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவர் புறப்பட்ட இடத்திலிருந்து எங்கோ தள்ளிப் போயிருப்பார். எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டம் மொத்தமும் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கலைந்து பரவும் என்று கணக்கிடலாம். விண்மீன்களின் கதையும் இப்படித்தான் என்பதை முன்வைத்துச் சந்திரசேகர் கணக்குப் போட்டார். விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது மிக மிக அரிது. தூரத்தில் போகும்போதே ஒன்றையொன்று சிறிது ஈர்த்துவிட்டுப் போகின்றன. அந்தச் சின்னச் சின்ன ஈர்ப்புகளின் கூட்டுத்தொகை, கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒரு விண்மீனின் வேகத்தையும் திசையையும் மாற்றிவிடுகிறது.

சில விண்மீன்களுக்கு இந்த இடிகள் தொடர்ந்து சாதகமாக விழும். வேகம் கூடிக்கொண்டே போகும். கூட்டத்தின் சராசரி வேகத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கை எட்டிவிட்டால், கூட்டத்தின் ஈர்ப்பு அதைப் பிடித்து வைக்கப் போதாது. அது வெளியேறிவிடும். அதற்கு விடுபடு வேகம் என்று பெயர். சோவியத் நாட்டு அறிஞர் அம்பர்த்சுமியான் 1938இல் இதைக் கணக்கிட்டிருந்தார். கூட்டம் ஒரு முறை நன்றாகக் கலங்கி அடங்குவதற்கு ஆகும் காலத்தில், நூற்றில் ஒன்றுக்கும் குறைவான விண்மீன்களே வெளியேறும் என்றது அவர் கணக்கு. கேட்பதற்குச் சிறிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டம் சிறியதாக இருந்தால் அந்தக் காலமும் குறுகியது. அப்படியே போனால் கார்த்திகை போன்ற கூட்டங்கள் வெகு விரைவில் கலைந்துபோக வேண்டும்.

இங்கேதான் சந்திரசேகர் இன்னொன்றைக் கண்டார். வேகமாகப் போகும் விண்மீன், தான் கடந்து போகும் வழியில் உள்ள மற்ற விண்மீன்களைத் தன் பக்கம் ஈர்க்கிறது. அவை அதை நோக்கி நகர்ந்து வருவதற்குள் அது முன்னே போய்விடுகிறது. ஆகவே அவை அதன் முதுகுக்குப் பின்னால் சற்றுத் திரள்கின்றன. அந்தத் திரள் அதைப் பின்னுக்கு இழுக்கிறது. இப்படி வேகமாகப் போகிறவனை மெல்ல மெல்லத் தணிக்கும் இந்த இழுப்புக்கு இயக்க உராய்வு என்று பெயர். இரண்டு பொருள்கள் உரசுவதால் வரும் உராய்வு இது ஆகாது. உடன் இருப்பவர்களின் ஈர்ப்பே உராய்வு போல் வேலை செய்கிறது.

இந்த உராய்வைக் கணக்கில் சேர்த்தபோது, கார்த்திகை போன்ற ஒரு கூட்டம் 300 கோடி ஆண்டுகள் அளவுக்குக் கூடக் கலையாமல் இருக்கலாம் என்று அவர் கண்டார். பின்னால் வந்த அறிவு இந்த எண்ணைக் குறைத்துவிட்டது. வழியில் எதிர்ப்படும் பெரிய வாயு மேகங்களும், பால்வீதி மண்டலத்தின் ஈர்ப்பும் கூட்டங்களை விரைவாகவே பிரித்துவிடுகின்றன. கார்த்திகைக்கு வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். இன்னும் சில பத்துக் கோடி ஆண்டுகளில் அது கலைந்துவிடும் என்பது இன்றைய கணிப்பு. எண் மாறினாலும் அவர் கண்ட உராய்வு நிலைத்து நிற்கிறது. நம் பால்வீதிக்குள் மெல்ல அமிழ்ந்து கரைந்துகொண்டிருக்கும் சிறிய விண்மீன் மண்டலங்களின் கதையை எழுத இன்றும் அவருடைய 1943ஆம் ஆண்டுச் சூத்திரத்தைத்தான் எடுக்கிறார்கள்.

கொடுத்தவர்கள் தங்கியவர்களே

இன்னொரு கேள்வி எஞ்சியிருக்கிறது. வெளியேறும் விண்மீனுக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது? அதற்கென்று சொந்தமாகத் தனிப் பலம் எதுவும் இல்லை. தங்கியிருக்கும் விண்மீன்கள் ஒவ்வொன்றும் தன் பங்கிலிருந்து சிறிது சிறிதாகக் கொடுத்த ஆற்றலே அதை வெளியே அனுப்புகிறது. கொடுத்துவிட்ட கூட்டம் அதன் பிறகு தளர்ந்து விரிவதில்லை. நடுவில் இன்னும் நெருங்கி ஒடுங்குகிறது. ஒருவர் போகும்போது, மீதி இருப்பவர்கள் இன்னும் இறுகிக்கொள்கிறார்கள். இது கணக்கு சொல்லும் உண்மை.

கூட்டங்களின் கதை இதுவென்றால் பெரிய விண்மீன் மண்டலங்களின் கதை சற்று வேறு. நம் பால்வீதியில் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. அங்கே தனித்தனி விண்மீன்களின் சிறு இடிகள் ஒரு விண்மீனின் போக்கை மாற்றப் பிரபஞ்சத்தின் வயதைப் போல் பல மடங்கு காலம் ஆகும். நம் சூரியன் ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு ஒரு முறை அமைதியாகப் பால்வீதியைச் சுற்றி வருவது அதனால்தான். ஆனால் 1964இல் எனோன், ஹைல்ஸ் என்ற இரு அறிஞர்கள் வேறொன்றைக் காட்டினார்கள். இடிகளே இல்லாமல், மண்டலத்தின் பொதுவான ஈர்ப்பில் மட்டும் ஓடும் விண்மீனின் பாதையும் சில நிலைகளில் ஒழுங்கு குலைந்து கயாஸ் ஆகலாம். ஒழுங்கும் ஒழுங்கின்மையும் ஒரே வானத்தில் அருகருகே இருக்கின்றன.

பால்வீதியையே விட்டு வெளியேறும் விண்மீன்களும் உண்டு. சூரியன் இருக்கும் பகுதியிலிருந்து அப்படி வெளியேற, நொடிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் வேண்டும். இரட்டையாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இரு விண்மீன்கள் பால்வீதியின் நடுவில் உள்ள பெரும் கருந்துளைக்கு அருகே போனால், ஒன்று அங்கே பிடிபட்டுவிடும், மற்றது தூக்கி எறியப்படும் என்று ஜாக் ஹில்ஸ் 1988இல் கூறினார். அப்படிப்பட்ட முதல் விண்மீன் 2005இல் கண்டறியப்பட்டது. 2019இல் கண்டறியப்பட்ட ஒன்று நொடிக்கு 1,700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நடுவிலிருந்து எறியப்பட்ட அது இனி ஒருபோதும் திரும்பி வராது. இங்கேயும் துணையாக இருந்த விண்மீன் பிடிபட்டதால்தான் மற்றது விடுபட்டது.

பின்னால் இழுத்தவை

சந்திரசேகரின் வாழ்வுக்குத் திரும்புவோம். பத்தாண்டுக்கு ஒரு முறை ஒரு துறையை எடுத்து, முழுமையாக ஆராய்ந்து, அதைப் பற்றி ஒரு பெரும் நூல் எழுதி, பிறகு அடுத்த துறைக்குப் போவது அவர் வழக்கமாயிற்று. விண்மீன்களின் அமைப்பு, விண்மீன்களின் நடமாட்டம், ஒளியின் பரவல், காந்தப் புலத்தில் பாய்மங்கள், இறுதியில் கருந்துளைகள். 1952 முதல் 1971 வரை, 19 ஆண்டுகள், ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல் என்ற வானியல் ஏட்டின் ஆசிரியராக இருந்து, மற்றவர்களின் கட்டுரைகளைத் திருத்துவதில் தம் நேரத்தைச் செலவிட்டார். ஒரு பல்கலைக்கழகத்தின் ஏடாக இருந்த அதை உலகின் தலைசிறந்த வானியல் ஏடாக ஆக்கினார்.

மகன் தாயகம் திரும்ப வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அது நிறைவேறவில்லை. 1953இல் சந்திரசேகரும் லலிதாவும் அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்கள். ஆனால் விட்டுவந்த வீட்டின் இழுப்பு விடவில்லை. கடைசி வரை சைவ உணவே உண்டார். தாயகத்துக்குப் பல முறை வந்து போனார். 1968இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

எடிங்டனோடு இருந்த உறவுதான் இந்த வாழ்வில் நாம் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி. கருத்து வேறுபாடு தீரவேயில்லை. எடிங்டன் தம் தவற்றை ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள், நட்பு முறியவில்லை. 1944இல் எடிங்டன் இறந்தபோது சந்திரசேகர் அவரைப் புகழ்ந்து அஞ்சலி செலுத்தினார். எடிங்டனின் நூற்றாண்டை ஒட்டி 1982இல் கேம்பிரிட்ஜில் நினைவுச் சொற்பொழிவாற்ற அழைத்தபோதும் போனார். தம்மை அவையில் சிறுமைப்படுத்தியவரை, அவர் காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலார் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னார். நடந்ததை மறைக்கவும் இல்லை, பழி தீர்க்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு, 1983இல், அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. வில்லியம் ஃபவுலரோடு பகிர்ந்துகொண்ட பரிசு அது. கப்பலில் தொடங்கிய கணக்குக்கு வயது 53. அதே ஆண்டில் கருந்துளைகளைப் பற்றிய அவருடைய பெருநூலும் வெளிவந்தது. இளமையில் எந்தக் கதவைத் திறந்ததற்காகச் சிரிப்புக்கு ஆளானாரோ, முதுமையில் அதே கதவின் வழியே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சந்திரசேகர் கடவுள் நம்பிக்கை கொண்டவர் அல்லர். தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். அதை மறைத்து அவரை நம்மவராக்கிக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உண்மைக்கு உண்மையாக இருந்தார், உழைப்பில் குறை வைக்கவில்லை, தம்மைப் புண்படுத்தியவரை வெறுக்கவில்லை. நம்புகிறவர்களாகிய நாம் அவரிடம் கற்றுக்கொள்ள இவை போதும்.

1995இல் தம் 84ஆம் வயதில், நியூட்டனின் பெருநூலைப் பொதுவாசகர்களுக்கு விளக்கும் நூலை வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் இறந்தார். லலிதா அதன் பிறகும் நெடுநாள் வாழ்ந்து, 2013இல் நூறு வயதைக் கடந்து காலமானார்.

நம் வீடுகளிலும்

1999 ஜூலையில் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர். நண்பர்கள் அவரை அழைத்த பெயர் அது. லடாக்கில் ஹான்லே என்ற ஊரில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கிக்கும் அவர் பெயர்தான். காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் அதையும் நடத்துகிறது. ஆக, பாப்புவின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி ஜவ்வாது மலையிலும், சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கி இமயமலையிலும், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

அன்பார்ந்தவர்களே, நம் பங்குகளில் பிள்ளைகள் இல்லாத வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. ஒருவர் பெங்களூருவில், ஒருவர் வளைகுடா நாட்டில், ஒருவர் சென்னையில். மலைக் கிராமங்களிலிருந்தும் வேலை தேடி வெளியூர் போகிறார்கள். போன பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, அவன் சாமர்த்தியத்தால் முன்னேறினான் என்கிறோம். அல்லது எங்களை விட்டுப் போய்விட்டான் என்று குறைப்படுகிறோம். வானத்தில் கண்ட கணக்கை வைத்துப் பார்த்தால் இரண்டும் பாதிதான். போனவனுடைய வேகம் தங்கியவர்கள் கொடுத்தது. நகையை அடகு வைத்த தாய், படிப்பை நிறுத்திக்கொண்ட அக்கா, இரண்டு வேலை பார்த்த தந்தை, ஒரு மாலை நேரம் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என்று ஒவ்வொருவரும் தம் பங்கிலிருந்து கொஞ்சம் கொடுத்தார்கள். போனவர் அதை மறக்காமல் இருப்பதும், தங்கியவர் கொடுத்ததைக் கடனாக எண்ணாமல் இருப்பதும் இரண்டு தரப்பின் கடமை.

பின்னால் இழுக்கும் உராய்வையும் நாம் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஞாயிறு மாலையில் வரும் ஒரு தொலைபேசி அழைப்பு, திருவிழாவுக்கு வந்துவிடு என்ற ஒரு வார்த்தை, ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி. ஒவ்வொன்றும் மிகச் சிறியது. அவை யாரையும் கட்டிப் போடுவதில்லை. ஆயினும் அவற்றின் கூட்டுத்தொகைதான் ஒரு குடும்பத்தையும் ஒரு பங்கையும் சிதறிப் போகாமல் நெடுங்காலம் காக்கிறது.

கார்த்திகை மீன்களைக் கட்டி வைத்திருக்கும் கயிறு கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் விண்மீன்களும் ஒன்றையொன்று சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டே இருப்பதுதான் அந்தக் கயிறு. இந்த ஆண்டு கார்த்திகை மாதத்தில், வானம் தெளிவாக உள்ள ஓர் இரவில், வீட்டுப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய் அந்தக் கூட்டத்தைக் காட்டுங்கள். எத்தனை விண்மீன் தெரிகிறது என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். நோயில் படுத்திருந்தபோதும் மகனைப் போய் வா என்று அனுப்பிய சீதாலட்சுமியைப் பற்றியும் அப்போது அவர்களுக்குச் சொல்லுங்கள்.